அங்கி போட்ட படத்துக்கு முன்னால்

நம் தமிழ் நாளிதழ்களில் ஒரு படம் அடிக்கடி வருகிறது. கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டை, கையில் பூங்கொத்து. ஒரு பக்கம் அம்மா, பட்டுச் சேலையில். இன்னொரு பக்கம் அப்பா, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், கேமராவை எங்கே பார்ப்பது என்று தெரியாமல். பின்னால் ஷா ஆலம் நீதிமன்றக் கட்டடம். கீழே எட்டுப் பத்து வரியில் செய்தி. கோல சிலாங்கூர் பக்கம் இன்ன தோட்டத்தில் பிறந்தவர், அப்பா பால்மரம் வெட்டியவர், அம்மா ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர், தமிழ்ப்பள்ளி மாணவி, விடாமுயற்சியால் வழக்கறிஞர் ஆனார், சமுதாயத்துக்குச் சேவை செய்ய ஆசைப்படுகிறார்.

இந்தச் செய்தியைக் கேலி செய்ய வரவில்லை. இதை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அந்த மரியாதை அதற்குத் தகும். ஆனால் ஒரு வாசகராக இதைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது, இது ஒரு எழுத்து வகை என்பது புரிகிறது. வெண்பாவுக்கு இருப்பதுபோல இதற்கும் விதிகள் இருக்கின்றன. முதல் வரியில் தோட்டம் வர வேண்டும். இரண்டாவது வரியில் வறுமை. கடைசி வரியில் நன்றி. நடுவில் நடந்தது எதுவும் வரக்கூடாது. 'சட்டம் படித்து முடித்து வழக்கறிஞராகப் பதிவு பெற்றார்' என்று ஒரு வாக்கியம் இருக்கும். அதில் 'முடித்து' என்ற சொல்லுக்கும் 'பதிவு பெற்றார்' என்ற சொல்லுக்கும் நடுவே இரண்டு வருஷம், மூன்று வருஷம், சிலருக்கு ஐந்து வருஷம் கிடக்கிறது. தோட்டத்திலிருந்து சட்டத்துக்குப் போன பிள்ளைகளின் கதை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் இலக்கியமும் அந்த நாளிதழ்ச் செய்தியைப் போலவே அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், தெரியாதவர்களுக்காக. இங்கிலாந்தில் சொலிசிட்டர் வேறு, பாரிஸ்டர் வேறு. மலேசியாவில் அந்தப் பிரிவு கிடையாது. பத்திரம் எழுதுகிறவரும் கோர்ட்டில் நின்று பேசுகிறவரும் ஒரே ஆள், 'அட்வகேட் அண்ட் சொலிசிட்டர்'. அவர் யார் என்பதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் முடிவு செய்கிறது. மலாயா பல்கலைக்கழகம், யூ.கே.எம்., யூ.ஐ.டி.எம். போன்ற உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்தவர்கள் நேராகப் பயிற்சிக்குப் போகலாம். அங்கே இடம் கிடைக்காதவர்கள் பலர் தனியார் கல்லூரியில் சேர்ந்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைப் பட்டமோ வேறொரு பிரிட்டிஷ் பட்டமோ வாங்குகிறார்கள். அவர்களுக்கு 1984 முதல் இன்னொரு கதவு வைத்திருக்கிறார்கள். சி.எல்.பி. என்று எல்லாரும் சொல்லும் தேர்வு. ஐந்து தாள்கள்: பொதுத்தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில் நடைமுறை.

இதிலே ஒரு விஷயம் கவனியுங்கள். பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவருக்குக் கட்டணமும் குறைவு, அடுத்த தேர்வும் இல்லை. இடம் கிடைக்காதவர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார், அதற்குப் பிறகு தேர்வும் எழுதுகிறார். ஒரு தாளில் மட்டும் தவறினால் அந்த ஒன்றை மறுபடி எழுதலாம். இரண்டு போனால் ஐந்தையும் முதலிலிருந்து.  எல்லாருக்கும் ஒரே தேர்வு வைக்கலாம் என்ற பேச்சு ரொம்ப காலமாக இருக்கிறது, பேச்சாகவே.

சட்டப் பட்டம் வாங்கியாயிற்று, சி.எல்.பி. தேறவில்லை. இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்குத் தமிழில் பெயர் இல்லை. கல்யாண வீட்டில் ஒரு மாமா கேட்பார், "என்னம்மா, லாயர் ஆயிட்டியா?" "இன்னும் இல்ல மாமா, சி.எல்.பி. எழுதணும்." "அதான் பட்டம் வாங்கிட்டியே?" இந்த உரையாடலை நம் ஊர்களில் எத்தனை பேர் எத்தனை முறை பேசியிருப்பார்கள்! அவள் சட்டம் படித்தவள், ஆனால் லாயர் இல்லை. மாணவியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை. வீட்டில் இருக்கிறாள், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாட்சியச் சட்டத்தின் பிரிவு எண்களை ஒப்பிக்கிறாள். தம்பிக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. இவள் படிப்புக்கு அப்பா எடுத்த இ.பி.எஃப். பணம் தீர்ந்துவிட்டது. தேர்வு முடிவு வரும் வாரத்தில் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சத்தம் போட மாட்டார்கள். ஒரு சிறுகதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

தேறிய பிறகு சேம்பரிங். இதற்கும் தமிழ்ச்சொல் ஒட்டவில்லை. 'பயிற்சி வழக்கறிஞர்' என்று செய்திகளில் போடுகிறார்கள், அது சரியில்லை, அவர் இன்னும் வழக்கறிஞரே இல்லை. ஒன்பது மாதம் ஒரு மாஸ்டரிடம் இருக்க வேண்டும். மாஸ்டர் குறைந்தது ஏழு வருஷம் தொழில் செய்தவராக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் வேறு எந்த வேலையும் பார்க்கக்கூடாது என்கிறது சட்டம். மாஸ்டர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம், மற்றபடி பார் கவுன்சிலின் தனி அனுமதி இல்லாமல் வெளிவருமானம் ஆகாது. விதியின் நோக்கம் நல்லதுதான், பயிற்சி பெறுகிறவர் கவனம் சிதறக்கூடாது. ஆனால் அதை எழுதியவர்கள் மனதில் இருந்த பிள்ளைக்கு வீட்டிலிருந்து பணம் வரும். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துப் படித்த பிள்ளை இந்த ஒன்பது மாதம் என்ன செய்யும் என்று அவர்கள் யோசித்த அடையாளம் இல்லை.

மாஸ்டரை எப்படிப் பிடிப்பது? இதற்குப் பாடத்திட்டம் கிடையாது. நல்ல மதிப்பெண்ணும் நல்ல ஆங்கிலமும் இருந்தால் பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போடலாம். மற்றவர்களுக்கு 'ஆளைத் தெரியணும்'. மாமாவின் முதலாளியின் வீட்டுப் பத்திரம் எழுதிய லாயர், கோயில் கமிட்டித் தலைவருக்குத் தெரிந்த லாயர், முன்பு தேர்தலில் நின்று தோற்ற லாயர். நிறுவனங்கள் அதிகம் இருப்பது கோலாலம்பூரிலும் ஷா ஆலத்திலும் கிள்ளானிலும். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து (பழைய ஆட்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) அங்கே தினம் போய்வர வண்டி வேண்டும், பெட்ரோல் வேண்டும், டோல் வேண்டும். அறை எடுத்துத் தங்கினால் வாடகை. சின்ன நிறுவனத்தில் சேர்ந்தால் கையில் கிடைப்பது இதற்கே சரியாகப் போகும். ஆனால் வேலையைக் கற்பதும் அங்கேதான். கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, மனுவைப் பதிவு செய்வது, மூன்று மாதத்துக்குப் பிறகு 'ஷார்ட் கால்' கிடைத்ததும் மாஜிஸ்திரேட் முன்னால் எழுந்து நின்று, என் மாஸ்டர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், வேறு தேதி கொடுங்கள் என்று கேட்பது. பலருக்கு வாழ்க்கையில் முதல் வாதம் அதுதான், ஒத்திவைப்புக் கேட்பது. ஜெயித்தால் ஒரு தேதி கிடைக்கும்.

எல்லாம் முடிந்து 'லாங் கால்' அன்று உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனுவை முன்மொழியும் வழக்கறிஞர் எழுந்து, மனுதாரரைப் பற்றி ஒரு சிறு உரை நிகழ்த்துவார். எங்கே பிறந்தார், அப்பா அம்மா யார், எப்படிப் படித்தார் என்று. அட்டர்னி ஜெனரல் தரப்பும் பார் கவுன்சில் தரப்பும் மறுப்பில்லை என்று சொல்வார்கள். நீதிபதி ஏற்றுக்கொள்வார். அந்தச் சிறு உரையை நான் ரொம்ப முக்கியமான பிரதியாக நினைக்கிறேன். மலேசிய நீதிமன்றத்தில் ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயரும் அவர் பார்த்த வேலையும் பெருமையோடு உச்சரிக்கப்படும் அபூர்வமான தருணம் அது. அவர் குற்றவாளியும் இல்லை, வெளியேற்றப்பட வேண்டியவரும் இல்லை, ஒரு மனுதாரரின் தகப்பன். உரை ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். பார்வையாளர் வரிசையில் அவர் தன் பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்காருவார். நாளிதழ்ச் செய்தியின் மூலப்பிரதி இந்த உரைதான் என்பது என் சந்தேகம். வரிசை அப்படியே இருக்கிறது.

சரி, இதெல்லாம் சமூகவியல், இலக்கியம் எங்கே என்று கேட்கலாம். அதற்கு சிவில் நடைமுறைத் தாளுக்குள் போக வேண்டும்.

நீதிமன்ற விதிகள் 2012இல் ஆணை 89 என்று ஒன்று இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் உயர்நீதிமன்ற விதிகளிலேயே இதே எண்ணில் இருந்ததுதான். நிலத்தை விரைவாகத் திரும்பப் பெறும் நடைமுறை. முழு விசாரணை கிடையாது, சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவது கிடையாது, மனுவும் சத்தியப் பத்திரமும் போதும். இதன் தாய் இங்கிலாந்தில் 1970இல் வந்த ஆணை 113. காலிக் கட்டடங்களில் ஆட்கள் பூட்டை உடைத்துக் குடியேறிய காலம் அது. யார் உள்ளே இருக்கிறார்கள் என்றே தெரியாத சொந்தக்காரர் யார் மீது வழக்குப் போடுவார்? அதற்காக ஒரு வழி செய்தார்கள். நில உரிமையாளர் தன் சத்தியப் பத்திரத்தில் மூன்று விஷயம் சொன்னால் போதும். நிலத்தில் தனக்கு என்ன உரிமை, தன் அனுமதியில்லாமல் அது எப்படி ஆக்கிரமிக்கப்பட்டது, பெயர் குறிப்பிடப்படாத மற்றவர்களின் பெயர் தனக்குத் தெரியாது என்பது.

மூன்றாவதை மறுபடி படியுங்கள். பெயர் தெரியாது என்று சத்தியம் செய்ய வேண்டும். பிறகு மனுவின் நகலை வாசல் கதவிலோ கண்ணில் படும் வேறிடத்திலோ ஒட்ட வேண்டும், முடிந்தால் 'குடியிருப்போர்' என்று முகவரி எழுதிய உறையில் வைத்து உள்ளே போட வேண்டும்.

லண்டனில் பூட்டை உடைத்து நுழைந்த அந்நியனுக்காக எழுதப்பட்ட வாக்கியம் இது. அதை ஒரு தோட்ட லயத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் எண் உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் செக்ரோல் பெயர் உண்டு. எத்தனை மரம், எத்தனை ராத்தல் பால், எத்தனை நாள் பெரட்டுக்கு வரவில்லை என்று கிராணி அறுபது எழுபது வருஷமாக எழுதி வைத்திருக்கிறார். பிறந்த தேதி தெரியாத பாட்டிக்குக்கூட சம்பளப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது. நாட்டிலேயே இந்த அளவுக்குப் பெயர் எழுதி வைக்கப்பட்ட கூட்டம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். தோட்டம் கை மாறி, மரம் விழுந்து, நிலம் வீட்டுமனையான பிறகு அதே ஆட்கள் 'குடியிருப்போர்' ஆகிவிடக்கூடிய ஒரு நடைமுறை இது.

சட்டம் அப்படி ஒன்றும் குருடு இல்லை. ஆணை 89இன் மொழியில் இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன: அனுமதியின்றி நுழைந்தவர், அனுமதியின்றித் தொடர்ந்து தங்கியவர். நுழைந்தவன் கதை வேறு. லயத்துக்காரனை நுழைய வைத்ததே கம்பெனிதான். அவன் மீது பாய வேண்டுமென்றால் இரண்டாவது வினைச்சொல்லால்தான் பாய முடியும். 1991இல் போஹாரி பின் தாயிப் எதிர் சிலாங்கூர் நில, கனிமவள இயக்குநர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தொட்டது. வெறும் ஆக்கிரமிப்பாளர் ஒரு வகை, ஏதோ ஒரு அனுமதியின் பேரில் வந்து தங்கியவர் வேறு வகை, இரண்டாமவரை இந்தக் குறுக்குவழியில் வெளியேற்றிவிட முடியாது, விசாரிக்க வேண்டிய கேள்வி இருந்தால் விசாரிக்க வேண்டும். சி.எல்.பி. எழுதுகிறவர்கள் படிக்கும் வழக்குகளில் இதுவும் உண்டு. ஆணை 89இலேயே இன்னொரு சின்ன விதியும் இருக்கிறது. பெயர் குறிப்பிடப்படாமல் அந்த நிலத்தில் இருக்கும் ஒருவர், என் தரப்பையும் கேளுங்கள் என்று நினைத்தால், தன்னையும் வழக்கில் சேர்க்கும்படி விண்ணப்பிக்கலாம். அதாவது பெயர் இல்லாதவன் தன் பெயரைத் தானே தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வரலாம்.

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து புக்கிட் தாகார் வரை பரவிய மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் ஒரு வீட்டுக்காகப் பல பத்து வருஷம் அலைந்த கதையை நாம் தேர்தலுக்குத் தேர்தல் செய்தியில் படித்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் வளர்ந்த பெண் தன் அறையில் உட்கார்ந்து ஆணை 89ஐ மனப்பாடம் செய்கிறாள் என்று வையுங்கள். அவளுக்குத் தேர்வில் கேள்வி எப்படி வரும்? உங்கள் கட்சிக்காரர் ஒரு நில உரிமையாளர், அவர் நிலத்தில் சிலர் குடியிருக்கிறார்கள், அவருக்கு ஆலோசனை சொல்லுங்கள். அவள் உரிமையாளரின் பக்கம் நின்று பதில் எழுத வேண்டும். நன்றாக எழுதினால் தேறுவாள். இந்த இடத்தில் நாவல் தொடங்குகிறது என்று நான் சொல்வேன்.

நம் நாவல்கள் எங்கே தொடங்குகின்றன? வட சிலாங்கூர் தோட்டம் உலக இலக்கியத்துக்குள் ரொம்ப முன்னாலேயே போய்விட்டது, அது நம் கையால் நடக்கவில்லை. பத்தாங் பெர்ஜுந்தையில் தென்னமரம் என்று ஒரு தோட்டம். பெயரைப் பார்த்தாலே யார் வைத்த பெயர் என்று தெரியும். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் அங்கேதான் போடப்பட்டது. போட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை. அவர் பிறகு 'மலேசி' என்ற நாவலை எழுதி 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசு வாங்கினார். நல்ல எழுத்து, மறுக்க முடியாது. ஆனால் அதன் மையத்தில் இருப்பவர்கள் இரண்டு பிரெஞ்சுத் தோட்டக்காரர்களும் அவர்களது மலாய்ப் பணியாட்களும். தென்னமரத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் அந்த நிலக்காட்சியின் உழைக்கும் பகுதி.

அதற்குப் பதில் நம்மவர்கள் எழுதியது பெரிய காரியம். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்டத்து வாழ்க்கையை அதன் சொந்த மொழியில் எழுதியது. கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' பகாங்கில் கொத்தடிமையாக வைக்கப்பட்டவர்களின் கதையை எடுத்துக்கொண்டது. ம. நவீனின் 'பேய்ச்சி' லூனாஸில் 1981இல் விஷச் சாராயம் குடித்து இறந்தவர்களின் நினைவிலிருந்து எழுந்தது, அது தடை செய்யப்பட்டதும் நமக்குத் தெரியும். லயத்தில் இருந்தவருக்கு இந்த எழுத்துகள் பெயர் கொடுத்தன. சத்தியப் பத்திரம் தெரியாது என்று சொன்ன பெயரை நாவல் தெரியும் என்று சொன்னது.

இவற்றைப் படித்து வளர்ந்த வாசகனாக எனக்கு ஒரு குறை உண்டு. நான் வாசித்த தோட்ட நாவல்களில் சட்டம் வெளியிலிருந்து வருகிறது. மாத்தாவாக வரும், நோட்டீஸாக வரும், புல்டோசராக வரும். வந்து அடித்துவிட்டுப் போகும். அதன் வாக்கியத்துக்குள் யாரும் நுழைந்து பார்ப்பதில்லை. படித்து வெளியேறும் பாத்திரம் பெரும்பாலும் ஆசிரியர். ஆங்கிலத்தில் எழுதிய கே. எஸ். மணியத்தின் 'த ரிட்டர்ன்' (1981) நாவலின் நாயகன்கூட ஆசிரியராகத்தான் திரும்பி வருகிறான். அந்தக் காலத்துக்கு அது உண்மை, எழுதியவர்களில் பலரும் ஆசிரியர்கள். ஆனால் 2007க்குப் பிறகு நம் வீடுகளில் 'லாயர்' என்ற சொல்லின் எடை மாறிவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஈஜோக் இடைத்தேர்தல், கோல சிலாங்கூர் தோட்டங்களுக்கெல்லாம் திடீரென்று தார் ரோடும் அமைச்சர்களும் வந்தார்கள். நவம்பர் 25ஆம் தேதி இண்ட்ராஃப் பேரணி. டிசம்பரில் இசா சட்டத்தில் ஐந்து பேர் உள்ளே போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள். 'எம்புள்ளய லாயருக்குப் படிக்க வைக்கணும்' என்ற வாக்கியத்தை நான் தோட்டத்துப் பக்கம் அதிகம் கேட்டது அதற்குப் பிறகுதான். அப்போது பிறந்த பிள்ளைகள் இப்போது சட்டக் கல்லூரி வயதுக்கு வந்துவிட்டார்கள். நாவல் இன்னும் லயத்து வாசலில் நிற்கிறது.

இன்னும் பின்னால் போனால், தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி. ரவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிடிபட்டு, துப்பாக்கி வைத்திருந்தார் என்று அவசரகாலச் சட்டத்தில் விசாரிக்கப்பட்டு, 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கணபதியைப் பற்றிப் பேசும் நாம் தூக்குக்கயிற்றைப் பேசுகிறோம். விசாரணை எந்த மொழியில் நடந்தது, யார் மொழிபெயர்த்தார்கள், அவர் சொன்னது பதிவேட்டில் என்னவாக எழுதப்பட்டது என்று கேட்பதில்லை. தியாகியாகப் பார்க்கும் பார்வைக்கு அந்த நடைமுறை விவரம் சலிப்பாக இருக்கும். எழுத்தாளனுக்கு அது சலிப்பாக இருக்கக்கூடாது.

'ஜெய் பீம்' வந்தபோது நம் இளைஞர்கள் உருகினார்கள். 1993இல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு காவல்நிலைய மரணம், அதற்காக வாதாடிய வழக்கறிஞர் சந்துரு, உண்மையான வழக்கு. படம் எனக்கும் பிடித்தது. ஆனால் அந்தப் படத்தின் லாயர் முழுமையாக முடிந்துபோன ஒரு ஆள். அங்கியோடு பிறந்தவர் மாதிரி வருகிறார். அவர் எங்கே பயிற்சி எடுத்தார், அறை வாடகையை யார் கட்டினார்கள் என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. நம் நாளிதழ்ச் செய்தியும் அதே வகையைச் சேர்ந்ததுதான். இதற்கு மாறாக ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'யை (2004) எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் வழக்கறிஞர், மனித உரிமைப் பணியில் இருந்தவர். நாவலில் லாயர் நாயகன் இல்லை. ஆனால் வாக்குமூலம் கேட்டுப் பழகிய காது அதில் இருக்கிறது. எந்த விவரத்தை விட்டால் வழக்கு உடையும் என்று தெரிந்தவரின் கவனத்தோடு சித்திரவதையின் விவரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. சட்டப் பயிற்சி ஒரு எழுத்தாளருக்கு என்ன கொடுக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அது.

தமிழ் நாவலின் தொடக்கமே கோர்ட்டில்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீபாக இருந்தவர். நாவல் வெளிவருவதற்கு முன்பே நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். தமிழ் பேசும் கட்சிக்காரர்கள் முன்னால் தமிழ் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதாடுவதை அந்த நாவலிலேயே கண்டிக்கிறார். அவருக்குச் சட்ட மொழிபெயர்ப்பும் கதை சொல்வதும் இரண்டு வேலையாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை மூன்று மொழியில் இருக்கிறது. சி.எல்.பி. ஆங்கிலத்தில். நீதிமன்றத்தின் மொழி மலாய், மலாய்மொழித் தகுதி இல்லாமல் தொழிலில் பதிவே கிடையாது. கட்சிக்காரர் பேசுவது தமிழ், அதுவும் தோட்டத் தமிழ். கோல சிலாங்கூர் கோர்ட்டில் ஒரு பெரியவர் எழுந்து, எப்போது அந்த வீட்டுக்கு வந்தார் என்ற கேள்விக்கு, "பெரிய தொரை போயி சின்ன தொரை வந்தாரு பாருங்க, அப்ப தண்டலு சாவி குடுத்தாரு" என்று சொன்னால், ஜுருபாசா அதை ஒரு வருஷமாகச் சுருக்கிச் சொல்வார். சுருக்கித்தான் சொல்ல வேண்டும், அது அவர் வேலை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் அனுமதி இருக்கிறது. சாவி கொடுத்தது யார் என்பது இருக்கிறது. போஹாரி வழக்கைப் படித்த ஒரு சேம்பரிங் பெண் பின் வரிசையில் கோப்போடு உட்கார்ந்திருந்தால், அது எவ்வளவு முக்கியமான வாக்கியம் என்று அந்த அறையில் அவளுக்குத்தான் தெரியும். எழுந்து சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. மாஸ்டரின் காதில் கிசுகிசுக்கலாம். மாஸ்டர் எந்தப் பக்கத்து வக்கீல் என்பதைப் பொறுத்து.

மேலே சொன்ன கதையை யாராவது எழுதினால், அவளை நல்லவளாக ஆக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். சமுதாயத்துக்குச் சேவை செய்வேன் என்று படத்துக்குக் கீழே சொன்னவள், முதல் வேலையாக வங்கிகளுக்காகக் கடன் வசூல் வழக்குகளைப் பார்க்கலாம். வீட்டுமனை நிறுவனத்தின் பத்திரங்களை வரிசையாக எழுதலாம். அதில் சம்பளம் இருக்கிறது, அப்பாவின் கடன் இருக்கிறது. அதை ஒரு துரோகமாக எழுதினால் மறுபடியும் செய்தியின் விதிக்குள்தான் விழுவோம், தலைகீழாக.

எழுதத் தொடங்க ஒரு இடம் வேண்டுமென்றால், அவள் சட்டம் படிப்பதற்குப் பத்து வருஷம் முந்திப் போகலாம். லயத்தில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மலாயில் இருக்கிறது. பெரியவர்கள் சுற்றி நிற்கிறார்கள். ஐந்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளையை யாரோ கூப்பிட்டு, "பாப்பா, என்னா போட்டிருக்கு படிச்சி சொல்லு" என்கிறார்கள். அவள் ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படிக்கிறாள். 'பெங்ஹுனி' என்ற இடத்தில் நிற்கிறாள். குடியிருப்போர் என்ற சொல் அவளுக்கு வரவில்லை.

"யாரோ இங்க இருக்கறவங்களாம் தாத்தா," என்கிறாள்.